மரபுவழி வேறுபாடும் இயற்கைத் தேர்வும்: திருப்பணியாளருக்கு ஒரு விளக்கம்

முன்னுரை

உயிரினங்களின் பரிணாமம் பற்றிய பேச்சு நம் திருச்சபைகளில் எழும்போதெல்லாம், அது ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் பற்றிய வாதமாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஏற்போரும் மறுப்போரும் தத்தம் நிலையை வலியுறுத்துவரேயன்றி, பரிணாமம் எவ்வாறு நிகழ்கிறதென அறிவியலார் கூறுகின்றனர் என்பதைப் பொறுமையோடு கேட்டறிவோர் சிலரே. கல்லூரியில் உயிரியல் பயிலும் இளைஞர் ஒருவர் ஐயம் தெளியத் தம் போதகரிடம் வரும்போது, அவர் பெறும் மறுமொழி பல வேளைகளில் அவர் கேளாத கேள்விக்கு உரியதாக அமைந்துவிடுகிறது.

இப்பொருளை நாம் கற்க வேண்டியதற்கு இதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பரம்பரை நோயுடன் ஒரு குழந்தை பிறந்திருக்கும் இல்லத்திற்குப் போதகர் செல்லும்போது, "இது யார் செய்த பாவம்?" என்னும் கேள்வி அங்கே காத்திருக்கிறது. பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் எழுப்பிய கேள்வியும் இதுவே (யோவான் 9:1-3). இதற்குப் பொறுப்புடன் மறுமொழி கூற விழைவோர், மரபுவழி வேறுபாடு என்பது யாது, இயற்கைத் தேர்வு என்பது யாது என்று தெளிந்திருத்தல் இன்றியமையாதது. இக்கட்டுரையில் அவ்விரண்டையும் ஒரே நோயைச் சான்றாகக் கொண்டு விளக்க முயல்வோம். அது அரிவாள் அணுச் சோகை. மருத்துவமனைகளில் சிக்கிள் செல் அனீமியா என வழங்குவதும் இதுவே. மரபணுவின் ஓர் எழுத்தில் நேர்ந்த மாற்றம் முதல் ஒரு மக்களினம் முழுவதிலும் அதன் விளைவு வரை, படிப்படியாகத் தெளிவாக்கப்பட்ட சான்றுகளுள் இது தலையாயது.

1. கொள்கை உருவான வரலாறு

1858 ஜூலை 1 அன்று இலண்டனிலுள்ள லின்னேயன் சங்கத்தில் சார்லஸ் டார்வின், ஆல்பிரட் ரசல் வாலஸ் ஆகிய இருவரின் கட்டுரைகளும் ஒருங்கே வாசிக்கப்பெற்றன. அடுத்த ஆண்டு டார்வினின் பெருநூல் வெளிவந்தது. இருவர் சிந்தனையையும் தூண்டியது, தாமஸ் மால்தஸ் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் 1798இல் மக்கள்தொகையைப் பற்றி எழுதிய நூலாகும்.

அவர்கள் கண்ட கருத்து எளியது. எவ்வுயிரினத்திலும் பிழைத்து வளரக்கூடியவற்றினும் மிகுதியானவை பிறக்கின்றன. பிறப்பவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளுள் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லுகின்றன. ஆகவே, வாழும் சூழலுக்குப் பொருந்திய வேறுபாட்டைப் பெற்றவை மிகுதியான சந்ததியை விட்டுச்செல்ல, தலைமுறைதோறும் அவ்வேறுபாடு அவ்வினத்தில் பெருகுகிறது. இப்பெருக்கத்திற்கே இயற்கைத் தேர்வு என்று பெயர்.

ஆயினும் டார்வினின் கொள்கையில் ஒரு பெருங்குறை இருந்தது. பெற்றோரின் பண்புகள் இரு வண்ணங்களைப் போலக் கலந்துவிடும் என்பது அக்காலத்தார் எண்ணம். அவ்வாறாயின், புதிதாய்த் தோன்றும் எந்தப் பண்பும் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாய்த் தேய்ந்து மறைந்துபோகும். தேர்வுக்கு எதுவும் எஞ்சாது. இச்சிக்கலை அவிழ்த்தவர் புருனோ நகரத்து அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்த அவர், பண்புகள் கலந்து கரைவதில்லை என்றும், பிரியாத கூறுகளாகவே வழிவழிச் செல்லுகின்றன என்றும் 1866இல் வெளியிட்டார். அவ்வுண்மை 1900 வரை அறிஞரால் போற்றப்படாமல் கிடந்தது. அதன் பின்னரே மெண்டலின் மரபியலும் டார்வினின் தேர்வுக் கொள்கையும் ஒன்றிணைந்து, இன்றைய உயிரியலின் அடித்தளமாயின. இவ்வரலாற்றில் ஒரு குருவானவருக்கும் ஒரு துறவிக்கும் உள்ள பங்கை எண்ணும்போது, இத்துறை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று எனத் துணிந்து கூறலாம்.

2. வேறுபாடு பிறக்கும் விதம்

மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறில், நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. மனிதர் ஒவ்வொருவரும் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் தலைக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைப் பெறுகின்றனர். ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போர் எவ்வளவு விழிப்பாயிருந்தும் சிற்சில எழுத்துகள் பிழைபடுவது போல, இச்செய்தி படியெடுக்கப்படும்போதும் பிழைகள் நேருகின்றன. திருமறைப் பாடபேதங்களை ஆராய்ந்து பழகிய நம் மாணவர்க்கு இது விளங்காத செய்தியன்று. பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஏறத்தாழ 60 புதிய மாற்றங்களுடன் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை நன்மையோ தீமையோ செய்வதில்லை. இவற்றோடு, தாய் தந்தையரின் மரபணுக்கள் ஒவ்வொரு கருவிலும் புதிய சேர்க்கையாய் அமைவதாலும் வேறுபாடு பெருகுகிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு சாயலுடன் விளங்குவதன் காரணம் இதுவே.

இனி நாம் எடுத்துக்கொண்ட சான்றுக்கு வருவோம். 1910இல் சிக்காகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், சோகையுற்ற மாணவர் ஒருவரின் இரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டு எழுதினார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் உடன் ஆய்வாளரும், அந்நோயாளரின் ஹீமோகுளோபின் மூலக்கூறே பிறருடையதினின்று வேறுபட்டது எனக் காட்டினர். 1957இல் வெர்னான் இங்கிராம் அவ்வேறுபாடு இன்னதெனக் கண்டறிந்தார். ஹீமோகுளோபினின் ஒரு பகுதி 146 அமினோ அமிலங்களாலான சங்கிலி. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். நோயாளரிடம் அங்கே வாலின் இருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது.

மாறிய ஹீமோகுளோபின், பிராணவாயு குறையும்போது ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகத் திரளுகிறது. அதனால் வட்டமான சிவப்பணு வளைந்து விறைத்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. தாங்கொணா வலியும் உறுப்புகளின் சிதைவும் பின்தொடர்கின்றன. ஏறத்தாழ 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் அழிவதால் சோகை நீங்குவதில்லை.

மாறிய மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவரே இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரைத் தாங்கிகள் என்பர். அவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர். தம்மிடம் அம்மரபணு இருப்பதைக்கூட அறியாதவர் பலர்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இத்தகைய மாற்றங்களைத் தற்செயலானவை என்று அறிவியலார் கூறுகின்றனர். அதன் பொருள், அவை காரணமின்றித் தோன்றின என்பதன்று. உயிருக்கு எது தேவை என்பதைப் பொறுத்து மாற்றம் தோன்றுவதில்லை என்பதே பொருள். எந்தத் தேவையும் அந்த எழுத்தை மாற்றவில்லை. எவர் செய்த பாவமும் மாற்றவில்லை.

3. தேர்வு நடைபெறும் விதம்

இவ்வளவு கொடிய நோயைத் தரும் மரபணு ஏன் மறைந்துபோகவில்லை? சிகிச்சையற்ற காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் மணவயதை எட்டாமலேயே மாண்டனர். அவர்களோடு அம்மரபணுவும் தலைமுறைதோறும் குறைந்திருக்க வேண்டும். ஆயினும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் மக்களுள் ஐந்தில் ஒருவருக்கு மேல் தாங்கிகளாய் இருந்தனர்.

இதற்கு விடை கண்டவர் கென்யாவில் வளர்ந்த மருத்துவர் அந்தோணி ஆலிசன். 1949இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இரத்த மாதிரிகளைச் சேகரித்த அவர், கடற்கரையிலும் விக்டோரியா ஏரியின் அருகிலும் வாழ்வோரிடையே தாங்கிகள் மிகுந்தும், குளிர்ந்த மேட்டு நிலத்தாரிடையே அருகியும் இருப்பதைக் கண்டார். மிகுந்திருந்த இடங்கள் மலேரியா மிகுந்த இடங்களாயிருந்தன. தாங்கிகளை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை என்பதை ஆய்ந்து 1954இல் வெளியிட்டார். கொடிய வகை மலேரியாக் கிருமி தாங்கியின் சிவப்பணுவில் செழித்து வளர இயலுவதில்லை. கிருமி புகுந்த அணு எளிதில் வளைந்து, உடலால் அகற்றப்பட்டும் விடுகிறது. இக்கண்டுபிடிப்பைப் பின்வந்த பல ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இம்மரபணு இருப்பதை வெளியிட்டனர். நீலகிரியை அடுத்த வயநாட்டுக் காடுகள் மலேரியாவுக்குப் பெயர்பெற்றிருந்தமை வரலாறு அறிந்தது. பின்னர் மத்திய இந்தியாவின் மாநிலங்களிலும் மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா ஆகியவற்றிலும் இம்மரபணு பரவலாகக் காணப்பட்டது.

எனவே இச்செயலில் இரு படிகள் உள்ளன. முதற்படியில் வேறுபாடு தேவையைப் பாராமல் தோன்றுகிறது. இரண்டாம் படியில், தோன்றியவற்றுள் எது நிலைக்கும் என்பதைச் சூழல் ஒழுங்காகத் தீர்மானிக்கிறது. பரிணாமம் முழுவதும் குருட்டு வாய்ப்பே என்று மேடைகளில் கூறுவோர் இவ்விரண்டாம் படியை மறந்துவிடுகின்றனர்.

தேர்வு ஒன்றே மாற்றத்திற்குக் காரணம் எனவும் கொள்ளுதல் ஆகாது. சிறிய சமூகங்களில், தமக்குள்ளேயே மணம் செய்துகொள்வோரிடையே, ஒரு மரபணு வெறும் வாய்ப்பினாலும் பெருகலாம் அல்லது மறையலாம். இதனை மரபணு நகர்வு என்பர்.

4. ஒரு கணக்கு

இச்சமநிலையை எண்களால் விளக்குவது பயன்தரும். பின்வருவது விளக்கத்திற்காக நாம் அமைத்த கணக்கே. மலேரியா மிகுந்த ஓரிடத்தில் 1,000 குழந்தைகள் பிறக்கின்றனர் என்க. மரபணுப் படிகள் பத்தில் ஒன்று மாறியதாயின், அவர்களுள் 810 பேரிடம் அது அறவே இராது. 180 பேர் தாங்கிகளாயிருப்பர். 10 பேர் நோயுறுவர். அந்தப் பத்துப்பேரும் சோகையால் இறந்துவிட, தாங்கிகள் அனைவரும் பிழைத்து, எஞ்சிய 810 பேருள் 90 பேரை மலேரியா கொண்டுபோகிறது எனக் கொள்வோம். பிழைத்த 900 பேரிடம் உள்ள 1,800 படிகளுள் மாறியவை 180. மீண்டும் பத்தில் ஒன்றே. அடுத்த தலைமுறையிலும் அதே கணக்குத் தொடரும்.

இதில் வியக்கத்தக்க ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கின் விலையையும் நாம் காணவேண்டும். அச்சமநிலை நூறு சிறு கல்லறைகளின்மேல் நிற்கிறது. அறிவியல் நூல்கள் இதனைச் சமநிலைத் தேர்வு என்று கூறிக் கடந்துவிடலாம். இறையியல் பயில்வோர் அவ்வாறு கடந்துசெல்ல இயலாது.

5. "தகுதி" என்னும் சொல்

இயற்கைத் தேர்வைக் குறிக்க நம் மொழியில் "வல்லவன் வாழ்வான்" என்னும் தொடர் வழங்கிவருகிறது. இது பெருங்குழப்பத்தை விளைவித்துள்ளது. இதன் ஆங்கில மூலத்தொடரை ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் (1864). டார்வின் அதனைத் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் (1869) ஏற்றுக்கொண்டார். அத்தொடர் வலிமையைக் குறிக்கவில்லை. குறித்த ஓரிடத்தில், குறித்த ஒரு காலத்தில், சந்ததியை விட்டுச்செல்லும் அளவுக்குச் சூழலோடு பொருந்தியிருத்தலையே குறிக்கிறது.

அரிவாள் அணு மரபணு தகுதியுள்ளதா, அற்றதா? ஒரு படி மட்டும் பெற்று, மலேரியாவின் நடுவே வாழ்வோர்க்கு அது காவல். இரு படிகள் பெற்றோர்க்கு அதுவே சாவு. மலேரியா இல்லாத நாட்டில் அதனால் நன்மை ஏதும் இல்லை. ஆகவே உயிரியல் கூறும் தகுதி மனிதரின் மதிப்பையோ நற்பண்பையோ அளக்கும் கோலன்று.

இதனை மறந்தவர்கள் இழைத்த தீங்கு பெரிது. தகுதியற்றோர் எனக் கருதப்பட்டோரைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டம் 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நிறைவேறியது. 1933இல் நாஜி ஆட்சி அதனினும் கொடிய சட்டத்தைக் கொண்டுவந்தது. 1970களின் தொடக்கத்தில், நோயற்ற தாங்கிகளுக்கும் அமெரிக்காவில் வேலையும் காப்புறுதியும் மறுக்கப்பட்டன. "இயற்கையில் இவ்வாறு நிகழ்கிறது" என்னும் கூற்றிலிருந்து "நாமும் இவ்வாறு செய்யவேண்டும்" என்னும் முடிவு பெறப்படாது.

6. சிறு மாற்றமும் பெரு மாற்றமும்

"ஓர் இனத்திற்குள் நிகழும் மாற்றத்தை ஒத்துக்கொள்கிறோம், அதனால் ஓர் இனம் வேறோர் இனமாகும் என்பது எவ்வாறு?" என வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. நாம் காட்டிய சான்று புதிய இனம் தோன்றியதற்குச் சான்றன்று. ஆயின் ஒரே இனத்தின் இரு கூட்டங்கள் மலையாலோ கடலாலோ நெடுங்காலம் பிரிந்து, தமக்குள் கலவாமல், வெவ்வேறு மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளுமாயின், பின்னர்ச் சந்திக்கும்போது இணைந்து சந்ததி பெற இயலாதவை ஆகலாம். இனப்பிரிவு இவ்வாறே நிகழ்கிறது. நீண்ட கால எல்லையில் உயிர்கள் ஒன்றோடொன்று உறவுடையன என்பதற்குப் புதைபடிவங்களும் டி.என்.ஏ.வும் சான்று பகர்கின்றன. சிம்பன்சி முதலிய வாலில்லாக் குரங்குகளுக்குக் குரோமோசோம்கள் 48, மனிதருக்கு 46. நம் இரண்டாம் குரோமோசோம், முற்காலத்தில் இரண்டாயிருந்தவை இணைந்து உண்டானது என்பதன் தடயங்கள் அதிலேயே காணப்படுகின்றன. இன்றுள்ள குரங்கிலிருந்து மனிதர் வந்தனர் என எவ்வறிஞரும் கூறுவதில்லை. இரு கிளையினருக்கும் பொதுமூதாதையர் உண்டு என்பதே அவர்தம் கூற்று.

7. இறையியற் சிந்தனைகள்

முதலாவது, படைப்பு. ஆதியாகமத்தில் கடவுள் பூமியை நோக்கி, புற்பூண்டுகளையும் உயிர்களையும் பிறப்பிக்குமாறு கட்டளையிடுகிறார் (ஆதி. 1:11, 24). படைக்கப்பட்டதும் படைப்பில் பங்குபெறுகிறது. காலப்போக்கில் முளைத்தெழும் வித்துகளைக் கடவுள் படைப்பில் வைத்தார் என அகுஸ்தீன் கருதினார். டார்வினின் நூலை 1859இல் வாசித்த ஆங்கிலக் குருவானவர் சார்லஸ் கிங்ஸ்லி, தாமாகவே வளர்ந்து மாறத்தக்க உயிர்களைப் படைத்தவர் என்று கடவுளைக் கருதுவது அவருடைய மாட்சிக்கு இழுக்கன்று என அவருக்கு எழுதினார். தற்செயல் என்னும் சொல்லும் நம்மை மருட்ட வேண்டியதில்லை. சீட்டுப்போடுதலையும் கடவுளின் ஆளுகைக்குப் புறம்பானதாக நீதிமொழிகள் கருதவில்லை (16:33).

இரண்டாவது, தெரிந்தெடுத்தல். நம் திருமறைத் தமிழில் இச்சொல்லுக்கு ஆழ்ந்த பொருள் உண்டு. "இயற்கைத் தேர்வு" என்று கேட்டவுடன், கடவுளின் தெரிந்தெடுத்தலே இயற்கையில் வெளிப்படுகிறது என எண்ணிவிடுதல் கூடாது. கடவுள் இஸ்ரவேலைத் தெரிந்தெடுத்தது அவர்கள் எண்ணிக்கையில் பெருகியிருந்ததால் அன்று (உபா. 7:7). உலகில் பலவீனமானவற்றையே அவர் தெரிந்தெடுக்கிறார் எனப் பவுல் எழுதுகிறார் (1 கொரி. 1:26-29). இயற்கைத் தேர்வுக்குக் கருத்தும் இல்லை, அன்பும் இல்லை. அது பிழைத்தோரின் கணக்கு. கடவுளின் தெரிவோ பிழைக்க வழியற்றோரைத் தேடிவரும் கிருபை.

மூன்றாவது, துன்பம். தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்னும் பழமொழியை எசேக்கியேல் இனி வழங்கலாகாது என்கிறார் (எசே. 18:1-4). பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மரபணு செல்லுகிறது, குற்றம் செல்லுவதில்லை. இவ்விரண்டையும் பிரித்துக்காட்டுவதில் அறிவியல் நமக்குத் துணைநிற்கிறது. ஆயின் துன்பத்திற்குக் காரணம் காட்டுவது அதற்கு நியாயம் காட்டுவதாகாது. "உன் பிள்ளையின் நோய், பிறரைக் காத்த மரபணுவின் விலை" என்று ஒரு தாயிடம் சொல்வது உயிரியலின்படி பிழையற்றதாயினும் ஆறுதல் ஆகாது. அதைக் கடவுளின் திட்டமெனச் சொல்வதோ கொடுமை. சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்பட்டுத் தவிக்கிறது எனப் பவுல் கூறுகிறார் (ரோமர் 8:19-23). அவ்வேதனைக்கு நாம் காட்டக்கூடிய விடை, அதற்குள் தாமே வந்து பாடுபட்டவரின் சிலுவையேயன்றி வேறில்லை.

8. திருப்பணியில் நாம் செய்யவேண்டுவன

திருமண ஆயத்த ஆலோசனையில் இது பேசப்படவேண்டும். இம்மரபணு காணப்படும் பகுதிகளில் மணமக்கள் இருவரும் இரத்தச் சோதனை செய்துகொள்ளுமாறு அன்போடு கூறலாம். இருவரும் தாங்கிகளாயின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தை நோயுற நான்கில் ஒரு வாய்ப்பும், தாங்கியாக நான்கில் இரண்டும், இரண்டுமின்றிப் பிறக்க நான்கில் ஒன்றும் உண்டு. முதற்பிள்ளை நோயுற்றதால் அடுத்த மூன்றும் நலமாய்ப் பிறக்கும் எனத் தேற்றுவது தவறு; கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே தொடங்குகிறது. பழி தாய்மேல் மட்டும் சுமத்தப்படும் வழக்கம் நம்மிடையே உண்டு. நோயுற்ற பிள்ளைக்கு இரு பெற்றோரும் சமமாகவே அம்மரபணுவை அளித்துள்ளனர் என்பதைக் குடும்பத்தார் அனைவர் முன்னிலையிலும் விளக்குதல் போதகர் கடமை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இந்திய அரசு தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடி மக்களைச் சோதித்து, 2047க்குள் இந்நோயை ஒழிக்க இலக்குக் கொண்டுள்ளது. சோதனையின் முடிவு எவரையும் ஒதுக்கிவைக்கக் கருவியாகாதபடி காப்பது திருச்சபையின் பொறுப்பு. நோயை ஒழிக்கலாம், நோயுற்றோரைப் பற்றி அச்சொல் எழுதல் ஆகாது. ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து பலரின் வேதனையைக் குறைத்துள்ளது. 2023 டிசம்பரில் மரபணுவையே மாற்றியமைக்கும் சிகிச்சைகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆயின் அவற்றின் பெருஞ்செலவு எளியோர் எட்டக்கூடியதன்று. இங்கே நீதிக்கான கேள்வியும் எழுகிறது.

முடிவுரை

வேறுபாடு தேவையை அறியாமல் தோன்றுகிறது. சூழல் அதனைத் தேர்கிறது. தலைமுறைகள் கடக்க, உயிரினம் மாறுகிறது. இவ்வளவே இக்கொள்கை கூறுவது. யார் மதிப்புள்ளவர், யார் பாவி, யார் அன்புக்குரியவர் என்பவற்றை அது கூறுவதில்லை; கூறவும் இயலாது. அறிவியலிடமிருந்து நாம் பெறவேண்டியதை நன்றியோடு பெற்று, அது கூறாதவற்றை அதன்மேல் ஏற்றாதிருப்போமாக. பிறவிக் குருடரைக் கண்ட ஆண்டவர், பாவம் யாருடையது என்னும் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுக் குனிந்து சேறு உண்டாக்கி அவர் கண்களில் பூசினார். நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே செல்லும் திருப்பணியாளர் பின்பற்றவேண்டிய முறையும் அதுவே.